வீட்டு ஆட்களுக்கு ஒரு கத்தரி

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. போனில் செய்தியைச் சொன்னேனே தவிர நடந்ததைச் சொல்லவில்லை. நம் தெரு ஆட்கள் போனில் பேசுவதையெல்லாம் ஸ்டேஷனில் உட்கார்ந்து கேட்கிறார்களாம். அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் உன் பிள்ளை சுருட்டை கடைக்கு வந்தான். மின்சார ஆபீசில் வயர்மேன் வேலைக்கு நேர்முகம் என்று உனக்கும் சொல்லியிருப்பான். "மாமா, என்னைப் பார்த்தா கரண்டு வேலை பாக்கறவன் மாதிரியே இல்ல, கரண்டு அடிச்சவன் மாதிரி இருக்கேன். கொஞ்சம் குறைச்சு விடுங்க" என்றான். சிரித்துக்கொண்டே கழுத்தில் துணியைக் கட்டினேன். இடது பக்கம் வெட்டி முடித்து, வலது பக்கம் வரும்போது வெளியே சத்தம். எதிர்ச்சாரியில் பழவண்டிக்காரரைப் போலீஸ் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே போலீஸ்காரர்களின் வெள்ளை நிறத்து ஆள் ஒருவரும் செருப்பு வண்டி போட்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுருட்டை எழுந்துவிட்டான். "இருடா, பாதிதான் ஆயிருக்கு" என்றேன். "ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் மாமா" என்று துணியோடு தெருவில் இறங்கினான். கையைக் காட்டு என்று கத்தினார்கள். கை துணிக்குள் இருந்தது. தூக்கினான். துணியும் சேர்ந்து எழுந்தது. சுட்டுவிட்டார்கள்.

சுட்டது மீசை. வாரா வாரம் என் நாற்காலியில் உட்கார்ந்து மீசையை ஒதுக்கிக்கொண்டு போவாரே, அதே அதிகாரி. நான் கத்தரியும் கையுமாக வாசலில் நின்றேன். தெருவில் இறங்கவில்லை அக்கா.

துணிக்குள் ஆயுதம் வைத்திருந்தான் என்று இப்போது சொல்கிறார்கள். அந்தத் துணியைக் கட்டியவன் நான். அதற்குள் இருந்தது அவன் கை மட்டும்தான். யார் கேட்டாலும், எங்கே கூப்பிட்டாலும் இதைச் சொல்வேன். நீ தைரியமாக இரு.

உன் தம்பி

மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன், அவ்வளவுதான். நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவன் சாப்பிடுகிறானா? அண்ணன் அண்ணன் என்று சுருட்டையின் சட்டையைப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவன். அவனைத் தனியாக விடாதே.

நான் கிளம்பி வந்தேன் தம்பி. உங்கள் ஊர்ப் பாலம் வரைக்கும் வந்துவிட்டேன். கலவரம் வரும் என்று பஸ்ஸை நிறுத்தி, முகத்தைப் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். எந்த முகங்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைத்தோல் அம்மாள் சந்தைக்குப் போவதாகச் சொன்னாள், விட்டுவிட்டார்கள். என் பிள்ளையைப் புதைக்கப் போகிறேன் என்று நான் சொன்னேன். "அதான் பிரச்சினையே, திரும்பிப் போ" என்றான், என் பிள்ளை வயதுதான் இருக்கும் அவனுக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாளே வேலைக்குப் போனேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மூட்டை மூட்டையாக வெள்ளை விரிப்பு. என்னோடு வேலை பார்க்கும் ஜோடிப் பெண்கள் கறைபட்ட மூட்டைகளை என் கண்ணில் படாமல் ஒளித்து ஒளித்துத் தாங்களே போட்டார்கள். 

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவன் பாதி முடியோடுதான் போனானா? ராத்திரியும் பகலும் அதுதான் கண்ணில் நிற்கிறது. வீட்டு ஆட்களுக்கு ஒரு கத்தரி, ஊருக்கு வேறு கத்தரி என்பது அப்பா வைத்த வழக்கம். கட்டைவிரல் வளையத்தில் நூல் சுற்றிய அந்தக் கத்தரி ஒருநாளும் யார் தலையையும் பாதியில் விட்டதில்லை. அதற்கு மட்டும் பதில் எழுது.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். உன் முழங்கால் வலிக்கு மருந்து போடுகிறாயா? ஈரத்தில் நின்றுகொண்டே இருக்காதே.

நீ கேட்டதற்குப் பதில். அவன் பாதி முடியோடு போகவில்லை. அன்று சாயங்காலமே அப்பாவின் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு பிணவறைக்குப் போனேன். அங்கே காவலுக்கு நம் நிறத்து ஆள் ஒருவர், நெட்டையாக இருந்தார். முதலில் முடியாது என்றார். "பாதித் தலையோட அனுப்ப மாட்டேன், நான் அவனோட தாய்மாமன்" என்றேன். என் கையில் இருந்த கத்தரியைப் பார்த்தார், அவன் தலையைப் பார்த்தார். "சீக்கிரம் முடிங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். வலது பக்கத்தை இடது பக்கத்துக்குச் சரியாக வெட்டி, கழுத்து ஓரம் சுத்தம் பண்ணிவிட்டேன். நேர்முகத்துக்குப் போகிற பிள்ளை மாதிரிதான் இருந்தான் அக்கா.

இன்னொரு விஷயம். சின்னவனும் அவன் கூட்டாளிகளும் என் கடையிலிருந்த வெள்ளைத் துணிகளை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். துணிக்கு வெளியே இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். அடுத்த நாள் தெருவே அப்படி வந்தது. கிழவர்கள், பள்ளிக்கூட டீச்சர், பழவண்டிக்காரர். இப்போது கடையில் வாடிக்கையாளருக்குக் கட்ட ஒரு துணி இல்லை. "யோவ், போராட்டத்துக்குத் துணி கட்டினா முடி வெட்டித் தரணும்ல" என்று கேலி வேறு.

நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணை வைக்கப் போகிறார்களாம். முதல் சாட்சி நான்தான்.

உன் தம்பி

ஏப்ரல் 10

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்றுதான் வாய்விட்டு அழுதேன். நீ என் பிள்ளைக்குச் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அப்பா இருந்திருந்தால் உன்னைத் தோளில் தட்டியிருப்பார். அவர் யாரையும் தட்டாத மனுஷன்.

சலவைக்கூடத்தில் எல்லாரிடமும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. கிழிந்த விரிப்புகளைத் துண்டாக்கி, ஊர்வலத்தில் கழுத்தில் கட்ட நாடா வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறோம். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார். சாதாரணமாக அவருக்கு ஒரு துண்டுத் துணி குறைந்தாலே மூக்கு வியர்த்துவிடும். போன ஞாயிறு இங்கேயும் ஊர்வலம். முன்வரிசையில் என்னை நிறுத்தினார்கள். முழங்கால் பற்றிக் கவலைப்படாதே, அன்று அது வலிக்கவே இல்லை.

பேச்சாளர்கள் மேடையேறி நியாயம், சமத்துவம் என்றெல்லாம் பேசினார்கள். நல்லதுதான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் பிள்ளை கையில் ஒன்றும் இல்லை என்று ஒரு பெரிய மனுஷன் எழுதி, எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். செத்துப்போனவனைக் கத்திக்காரன் என்று சொல்லிவிட்டு இவர்கள் சௌகரியமாகத் தூங்கக் கூடாது. அதற்கு எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். சுவருக்கு வெள்ளையடித்தேன். கண்ணாடி ஒன்று மாற்றினேன். பழைய வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறார்கள்.

சின்னவன் வெளியூருக்கு ஒரு வேலையாகப் போயிருக்கிறான். வர நாளாகும். அவன் அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

விசாரணை அடுத்த மாதம். அதைப் பற்றி நீ அதிகம் யோசித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி.

தம்பி

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா நலம். தண்ணீரும் குடிக்கிறேன். ஆறு வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைக்கு வெள்ளையடித்த கதையை எழுதுகிறாயே, நல்ல ஆள் நீ.

சின்னவன் எந்த ஊருக்குப் போனான்? என்ன வேலை? பக்கத்துத் தெருவில் பால் வாங்கி வரச் சொன்னாலே இரண்டு கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டு போகிறவன். ஊர்வலம் உச்சத்தில் இருக்கும்போது அவன் கிளம்பிப் போனான் என்றால் நான் நம்ப மாட்டேன். உன் வீட்டுக்காரிக்கு என்ன உடம்பு? அவள் எப்போதும் உன் கடிதத்தின் கீழே இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை அதுவும் இல்லை.

எதையாவது பூசி மெழுகுகிறாயா? என்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? இதைவிடப் பெரிய சேதியை நீ சொல்லி நான் கேட்டாகிவிட்டது. உடனே எழுது.

அக்கா

ஜூன் 24

தம்பிக்கு,

இன்று சலவைக்கூடத்து ரேடியோவில் உன்னைப் பற்றிச் சொன்னார்கள். எல்லா இயந்திரத்தையும் நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றோம். உன் வாயிலிருந்து என் பிள்ளைக்கு நியாயம் வரப்போகிறது என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு வெட்டிக்கொண்டிருந்த கத்தரியை அதற்குப் பிறகு கடையில் காணவில்லை. அவன் துணிக்குள் எடுத்துப் போயிருக்கலாம். போலீஸ் எடுத்து வைத்திருப்பது அந்தக் கத்தரிதான்" என்று இறந்தவனின் சொந்தத் தாய்மாமனே சாட்சி சொன்னாராம். அதற்கு மேல் என்ன படித்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தவள் கையை விட்டுவிட்டாள்.

நான் கத்தரி பிடித்தவள் இல்லை. பெண்பிள்ளை என்று அப்பா தொடவிடவில்லை. ஆனால் அந்தக் கத்தரிக்கு நூல் சுற்றிக் கொடுத்தவள் நான்தான். நம் வீட்டுப் பிள்ளைக்கு நீ வேறு கத்தரி எடுத்திருக்க மாட்டாய். தெருவில் விழுந்து அப்போதே போலீஸ் கைக்குப் போய்விட்ட கத்தரி, அன்று சாயங்காலம் உன் இடுப்பில் எப்படியப்பா இருந்தது? என் பிள்ளையின் வலது பக்கத்தை எதை வைத்து வெட்டினாய்?

போலீஸ் வக்கீல் எழுதிக் கொடுத்ததா இது? அடித்தார்களா உன்னை? அடித்தார்கள் என்றாவது எழுது. அதை நம்பிக்கொண்டு உயிரோடு இருப்பேன்.

அக்கா

ஜூலை 12

அக்காவுக்கு,

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மே மாத ஊர்வலத்தில் சின்னவனைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் என் வீட்டுக்காரியும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தோம். பிறகு ஒரு நாள் மீசை கடைக்கு வந்தார். வழக்கம்போல அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என் கை தானாகத் துணியைக் கட்டியது. கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, "உன் பையன் நல்லாத்தான் இருக்கான். எப்பவும் நல்லா இருக்கணும்னு நினைக்கிறேன்" என்றார். அவர் தொண்டையில் என் சவரக்கத்தி இருந்தது. ஒரு கீறல் இல்லாமல் வழித்து, மீசையை ஒதுக்கி, துடைத்து அனுப்பினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதைப் போகும்போது சொன்னார்.

நான் சொன்னேன். அன்று மாலையே சின்னவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். விலா எலும்பில் அடி. மூச்சு விடக் கஷ்டப்படுகிறான். ஆனால் மூச்சு இருக்கிறது.

சுருட்டை போய்விட்டான். இவன் இருக்கிறான். என் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? நீயே சொல்.

தம்பி

ஜூலை 20

கேட்டாய், சொல்கிறேன்.

நீ செய்ததையே செய்யச் சொல்லியிருப்பேன். "மண்ணுக்குள்ளே போனவனை விடு, சின்னவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா, என்ன சொல்ல வேண்டுமோ சொல்" என்று நானே எழுதியிருப்பேன். என் வயிறு எரிந்திருக்கும், ஆனாலும் எழுதியிருப்பேன். அவனும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானே.

நீ என்னைக் கேட்கவில்லை. வெயில் என்று எழுதினாய், தண்ணீர் குடி என்று எழுதினாய். பழைய வாடிக்கையாளர் வருகிறார்கள் என்று எழுதினாயே, அது யார் என்று இப்போதுதான் புரிகிறது. நான் இங்கே ஊரெல்லாம் உன் பெருமையைப் பேசிக்கொண்டு, முன்வரிசையில் துணி கட்டிக்கொண்டு நிற்க, நீ என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு உன் பிள்ளையை வாங்கிக்கொண்டாய். ஒரு முறை சுட்டது அவர்கள். இரண்டாவது முறை நீ.

சின்னவன் விலாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்.

ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

என்மேல் உனக்கு இருக்கும் கோபம் நியாயம்தான். அதை அப்படியே வைத்துக்கொள். ஆனால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. சின்னவன் அங்கே வந்தானா?

அவனை ஏன் விட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தோம். தெருவில் யாரோ முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். "உங்கப்பன் உன் அண்ணனை வித்துதான் உன்னை வாங்கினான்" என்று. வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான். நான் அவனுக்குச் சோறு போட்டு வைத்தேன். "நான் செத்திருந்தா என்னையும் அவனுங்க சொல்ற மாதிரிதான் சொல்லியிருப்பீங்களாப்பா?" என்று கேட்டான். தட்டைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டான். காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

அப்பாவின் கத்தரியை அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இப்போது நிஜமாகவே அதைக் காணவில்லை.

அவன் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எங்களுக்கு அவன் ஒருவன்தான் அக்கா. அவன் அந்தக் கத்தரியை எடுத்துக்கொண்டு விசாரணை நீதிபதியிடம் போனால் இந்தத் தடவை உயிரோடு விட மாட்டார்கள். அவனைத் தடுத்து வை. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 15

முடிதிருத்தும் கடைக்காரருக்கு,

உங்கள் மகன் இங்கேதான் இருக்கிறான். உங்கள் மனைவியிடம் உடனே சொல்லுங்கள், அவள் சாப்பிடட்டும். விலாவைக் காட்டிவிட்டேன். இரண்டு எலும்பில் விரிசல். படுத்திருந்தால் சேர்ந்துவிடும் என்றார் டாக்டர்.

அவன் வந்து என் கதவைத் தட்டியபோது கையில் அப்பாவின் கத்தரியை ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தான். நான் சுற்றிக் கொடுத்த நூல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் அழுக்கேறியிருக்கிறது. "அத்தை, விசாரணைல இதை நான் மேஜை மேல வைக்கிறேன். எங்கப்பா சொன்னது பொய்னு நானே சொல்றேன்" என்றான். அவன் பேசும்போது சுருட்டையின் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மறைக்கவில்லை. போடா ராஜா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்லவில்லை. உன்னை அனுப்ப மாட்டேன் என்றேன். குதித்தான், அழுதான். கத்தரியை வாங்கி வைத்துக்கொண்டேன். என் ஜோடிப் பெண்கள் இருவர் முறைபோட்டு அவன் கூடவே இருப்பார்கள். அவன் தைரியசாலி, ஆனால் அவர்களைத் தாண்டிப் போக மாட்டான்.

ஊர்வலக்காரர்கள் எனக்கு வைத்துக் கொடுத்த வக்கீல் மனுப் போட்டு, முடித்துவைத்த விசாரணையைத் திரும்பத் திறக்க வைத்திருக்கிறார். திங்கட்கிழமை அந்தக் கத்தரியோடு நான் போகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்காரிக்குப் பிணவறைக்காரரைக் கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. விரிப்பு வண்டி ஓட்டுகிறவர்கள் மூலமாகச் சொல்லி அனுப்பினேன். அந்த நெட்டை மனிதர் தானே இங்கே வந்தார். அன்று சாயங்காலம் நூல் சுற்றிய கத்தரியோடு ஒரு தாய்மாமன் வந்ததை அவர் மறக்கவில்லை. "வேலை போனா போகட்டும்மா, அந்த மனுஷன் வெட்டினதை நான் கதவு இடுக்கு வழியா பார்த்தேன். அவ்வளவு பாசமா யாரும் வெட்டி நான் பார்த்ததில்ல" என்றார். உங்கள் சாட்சியைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். இரண்டும் ஒரே ஆள்தானா என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

பாலத்தில் என்னை இறக்கினால் நடந்து போவேன். இந்தத் தடவை துணி கட்டிக்கொண்டு எங்கள் சலவைக்கூடமே கூட வருகிறது.

உங்கள் பிள்ளையை நான் காப்பாற்றிவிட்டேன். அதற்காக நான் யாரையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் விசாரணைக்கு வருவதானால் உள்ளே வந்து, அந்த நெட்டையர் பேசும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். அன்று நின்ற மாதிரி வாசலில் நிற்க வேண்டாம்.

உங்கள் மகனுக்கு முடி வளர்ந்து காதை மூடிவிட்டது. பக்கத்துக் கடையில் போய் வெட்டிக்கொண்டு வாடா என்று காலையில் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

சுருட்டையின் அம்மா